நாலு எம்பி போட்டும் திறக்காத பதிவேடு

மெமரி போதவில்லை என்று எங்கிருந்தாவது போன் வந்தால், உடனே புது மெமரியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். யாருக்குப் போதவில்லை என்று முதலில் கேளுங்கள். மெஷினுக்கா, பிராசஸருக்கா, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கா, அதன்மேல் ஓடுகிற புரோகிராமுக்கா? நாலு பேரும் ஒரே பெட்டிக்குள்தான் குடியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் கண்ணுக்குத் தெரிகிற இடம் இன்னொருவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இப்படிச் சொன்னால் நீங்கள் தலையாட்டுவீர்கள். உங்கள் வயதில் நானும் ஆட்டியிருப்பேன். ஆட்டிவிட்டு, மெமரியை எடுத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறியிருப்பேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "பழைய முப்பத்திரண்டு பிட் விண்டோஸ் மெஷின் சார். எட்டு ஜிபி போட்டேன், மூணே சொச்சம்தான் காட்டுது. கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டான் போல" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. அவர்மேல் வந்த எரிச்சல் என்று அவர் நினைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே குழியில், அதே கால் வழுக்கி, அதே கடைக்காரனைத் திட்டிக்கொண்டு இன்னொருவர் விழுகிறாரே என்ற எரிச்சல் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்து வந்தவன் இல்லை. ரேடியோ ரிப்பேர், பிறகு டைப்ரைட்டர், அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். சேலத்தில் ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன். ஏற்காடு மலைமேல் இருந்த மெஷின்களெல்லாம் என் பொறுப்பு. கொண்டை ஊசி வளைவில் மற்ற எல்லோருக்கும் வாந்தி வரும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. காசநோய்க்காரர்களுக்கு வாராவாரம் மாத்திரை கொடுப்பது அவர்கள் செய்துவந்த பெரிய வேலை. புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஜீப் கிளம்பும். மஞ்சக்குட்டையில் கொஞ்சம் பேர், பிறகு கொட்டச்சேடு. அங்கே எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடை போடுகிற நாலு மணிக்கு ஜீப் போய் நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். எடை முடிந்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் இறங்கிப் போய்விடுவார்கள்.

யாருக்கு எத்தனை மாத்திரை, எந்த மாத்திரை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் கணக்கெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பதிவேட்டில் இருந்தது. பதிவேட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு சீட்டு அச்சாகும். சீட்டைப் பார்த்துப் பொட்டலம் கட்டுவார்கள். ஆள் கையில் போய்ச் சேராத பொட்டலம் ஆஸ்பத்திரிக்கே திரும்பி வர வேண்டும், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரக்கூடாது. அது அங்கே சட்டம். சட்டம் போட்டவர் தவமணி சிஸ்டர். நாற்பது வயது இருக்கும். பதிவேடு, பொட்டலம், ஜீப் மூன்றும் அவர் கையில்தான்.

முன்பெல்லாம் அவர் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். "ஒரே விஷயத்தை எதுக்கு ரெண்டு தடவை எழுதறீங்க சிஸ்டர்? நேரா கம்ப்யூட்டர்ல அடிச்சுடுங்க" என்று சொன்னவன் நான். அவர் நோட்டை நிறுத்திவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய நோட்டை நிறுத்தச் சொல்லும்போது அந்த நோட்டின் வேலை முழுவதும் உங்கள் தலையில் ஏறிவிடுகிறது.

நோயாளிகள் கூடக்கூட, பதிவேடு திறக்கும்போது மெமரி போதவில்லை என்று அவ்வப்போது சொல்ல ஆரம்பித்தது. மெஷினில் இருந்தது ஒரு எம்பி. நாலாக்கிவிடலாம் என்று சொன்னேன். யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடை கொடுத்தார். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு மெமரியோடு போய் இறங்கினேன்.

கழற்றி, மாட்டி, சுவிட்சைப் போட்டதும் திரையில் மெமரியை எண்ணிக் காட்டும் எண்கள் ஏறின. நாலு எம்பிக்குரிய நாலாயிரத்துச் சொச்சத்தில் போய் நின்றன. சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் டிரைவர் முருகேசன் கதவில் சாய்ந்து நின்றார்.

"பெட்ரோல் பங்க்கு மாதிரியே ஓடுதுங்க" என்றார் முருகேசன். "நம்ம வண்டிக்கு இப்பிடி ஒரு நாளும் ரொப்புனதில்லீங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மலை ஏறி வந்ததற்கு இன்னொரு நல்லதும் செய்துவிட்டுப் போவோம் என்று, பையில் இருந்த புது வைரஸ் காவல் புரோகிராம் ஒன்றையும் ஏற்றினேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் ஏற்றினேன். பிறகு பதிவேட்டின் பெயரை அடித்தேன்.

போதிய மெமரி இல்லை என்றது மெஷின்.

அணைத்துவிட்டுப் போட்டேன். எண்கள் ஓடி நாலாயிரத்தில் நின்றன. பதிவேட்டுக்கு மெமரி இல்லை.

"ஏனுங்க சார்" என்றார் சிஸ்டர். "நேத்து வரைக்கும் ரெண்டு தடவை அணைச்சுப் போட்டா தொறந்துக்குமுங்க. இப்பத் தொறக்கவே மாட்டேங்குதே."

"புது மெமரி இல்லீங்களா சிஸ்டர், கொஞ்சம் செட் ஆகணும்."

"செட் ஆகறதுன்னா? பால்ல ஒறை ஊத்தி வெக்கற மாதிரிங்களா?"

மெமரி செட் ஆவது என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அது தெரியும். தெரியவில்லை என்று சொல்ல வாய் வராததால் அப்படிச் சொன்னேன். இந்தத் தொழிலில் நாற்பது வருஷமாக இந்த மாதிரி வார்த்தைகளைக் கேட்டுவருகிறேன். "லோட் ஆகிக்கிட்டு இருக்கு", "சூடு ஆறணும்", "கரண்ட் சரியில்லை". நம் அறியாமைக்கு நாமே போட்டுவிடுகிற சட்டைகள் இவை. சிஸ்டர் மாதிரி ஆட்கள் ஒரே கேள்வியில் அதை உருவிவிடுவார்கள்.

பதினொன்றரை வரை மெமரியைக் கழற்றினேன், பென்சில் ரப்பரால் பின்களைத் தேய்த்தேன், மாற்றி மாற்றி மாட்டினேன். மனசுக்குள் சேலம் கடைக்காரனைத் திட்டினேன். முருகேசன்தான் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"ஒன்னா இருந்தப்பத் தொறந்துச்சு. நாலானதும் தொறக்கல. போட்டதைக் கழட்டிப் போட்டுப் பழையபடி ஒன்னுலயே ஓட்டிப் பாருங்களேன் சார்."

கழற்றினேன். பழைய ஒரு எம்பியோடு போட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே பதில்.

இங்கே நிறுத்தி யோசியுங்கள். நாலு இருந்தாலும் திறக்கவில்லை, முன்பு திறந்த ஒன்றிலும் இப்போது திறக்கவில்லை. அப்படியானால் வியாதி மெமரியில் இல்லை, இன்றைக்கு நான் செய்த வேறு ஏதோ ஒன்றில் இருக்கிறது. மெஷின் இதைவிடத் தெளிவாகப் பேசாது. எனக்கு அது காதில் விழவில்லை. மறுபடி நாலையும் மாட்டினேன். மலையில் அந்தக் குளிரில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மணி பன்னிரண்டே கால். முருகேசன் வாட்சைப் பார்த்தார்.

"சிஸ்டர், போன வாரத்துச் சீட்டு இருக்குதில்லீங்க? அதை வெச்சே பொட்டலம் கட்டிருவமுங்க. வாராவாரம் அதே ஆளுங்கதானே."

"ஆளு அதேதாங்க, மாத்திரை அதே இல்லீங்க" என்றார் சிஸ்டர். "திங்கக்கிழமை டாக்டர் ஏழு பேருக்கு மாத்திருக்காரு. கொட்டச்சேடு வெள்ளையம்மாளுக்குக் கண்ணு மங்குதுன்னு ஒரு மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாரு. அதைத் தின்னாப் பார்வையே போயிருமாம். மிச்சமிருக்கற பழைய பொட்டலத்தைத் திங்காம, வண்டி வர்றப்பத் திருப்பிக் குடுக்கச் சொல்லியிருக்கறன். அந்தம்மாளை எனக்கு ஞாபகம் இருக்குது. மத்த ஆறு பேரு?"

"டாக்டரைக் கேட்டுப் போடலாமில்லீங்க?"

"அவரு காலையிலதான் கோயமுத்தூரு பஸ் ஏறுனாரு." என் பக்கம் திரும்பினார். "நோட்டு இருந்திருந்தா நோட்டைப் பாத்திருப்பனுங்க சார்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்ததாக நான் செய்யப் பார்த்ததுதான் என் தொழில் வாழ்க்கையிலேயே மோசமான யோசனை. பதிவேட்டில் சிகிச்சை முடிந்தவர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். அவர்களை அழித்துவிட்டால் பதிவேடு சின்னதாகும், திறந்துவிடும். வெளியிலிருந்தே அழிக்க என்னிடம் ஒரு கருவி இருந்தது. அது இருந்த பிளாப்பியைப் பையிலிருந்து எடுத்தேன்.

"என்னங்க பண்ணப் போறீங்க?"

"முடிச்சவங்க பேரையெல்லாம் எடுத்துடலாம் சிஸ்டர். அவங்கதான் இனிமே வரப்போறதில்லையே."

சிஸ்டர் எழுந்து வந்து மெஷினுக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

"வரமாட்டாங்கன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? ரெண்டு வருசங் கழிச்சு ஒருத்தன் இருமிக்கிட்டு வந்து நின்னா, முன்ன என்னத்தைத் தின்னான், எத்தனை மாசம் தின்னான்னு தெரியாம டாக்டர் எதைக் குடுப்பாரு?"

"பிளாப்பியில காப்பி எடுத்து வெச்சுக்கலாம்."

"போன மழைக்குப் பூசணம் பூத்த பிளாப்பியை நீங்கதானுங்க ஜன்னலோரமா ஒக்காந்து பஞ்சுல தொடைச்சீங்க. அந்தப் பிளாப்பியிலதானே எடுத்து வெக்கப் போறீங்க?"

அந்தப் பிளாப்பியில்தான். மலை ஈரத்தில் பிளாப்பிக்குப் பூசணம் பிடிக்கும் என்பது கம்பெனிப் புத்தகத்தில் இல்லை. சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது.

பிளாப்பியை மறுபடி பையில் வைத்தேன். உங்களுக்கு இடம் போதவில்லை என்பதற்காக அடுத்தவர் சரக்கைத் தூக்கி எறியாதீர்கள். அவர் எதற்காக அதை வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

மணி ஒன்று. முருகேசன் போய் ஜீப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"சார், எனக்கு இந்தப் பெட்டியைப் பத்தி ஒன்னும் தெரியாதுங்க. தெரியாமத்தான் கேக்கறன். நீங்க வர்றப்பெல்லாம் நல்லதுக்குன்னு என்னமோ ஒன்னு போட்டுட்டுப் போவீங்களே. மூலையில மணி காட்டுதே, அது. எலிவாலு வந்தா ஓடும்னு ஒன்னு. காலையில ஒன்னு போட்டீங்க. அதெல்லாம் எங்கீங்க ஒக்காருது?"

யார் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டுகிற கட்டளையை அடித்தேன். காலை பத்து மணிக்கு அடித்திருக்க வேண்டியது.

என்ன நடந்தது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த வகை மெஷினில் முதன்முதலாக வந்த பிராசஸரில் முகவரி சொல்ல இருபது கம்பிதான். இருபது கம்பியால் ஒரு எம்பிக்கு மேல் எண்ண முடியாது. அந்த ஒரு எம்பியிலும் மேல்பகுதியைத் திரைக்கும் மெஷினின் சொந்த வேலைக்கும் ஒதுக்கிவிட்டார்கள். புரோகிராம்களுக்கு மிஞ்சியது 640 கேபி. பின்னால் வந்த பிராசஸர்கள் எவ்வளவோ எண்ணத் தெரிந்தவை. எங்கள் ஆஸ்பத்திரி மெஷினே அப்படிப்பட்டதுதான். ஆனால் அதில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் அந்த முதல் பிராசஸருக்கென்று எழுதப்பட்டது. பழைய புரோகிராம்கள் ஓட வேண்டுமே என்று அதே 640-க்குள்ளேயே குடித்தனம் நடத்தியது. நான் கொண்டுபோன மெமரி மெஷினின் எண்ணிக்கையில் வந்தது, பதிவேடு இருந்த இடத்துக்கு வரவில்லை. மூன்று எம்பி சும்மா கிடந்தது. பின்னால் வந்த முப்பத்திரண்டு பிட் விண்டோஸில் நாலு ஜிபியோடு நிற்கிற கதையும் இதே கதைதான், அளவுதான் பெரிசு.

சரி, அந்த 640-க்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள்? டாஸ். தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுகிற புரோகிராம், அது இல்லாமல் சீட்டு இல்லை. இந்த இரண்டையும் தவிர மற்றதெல்லாம் என் கைங்கரியம். மூலையில் மணி காட்ட ஒன்று. சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தது. எலிவாலுக்கு, அதாவது மவுஸுக்கு, ஒன்று. ஆஸ்பத்திரியில் எலிவாலே கிடையாது, பின்னால் வாங்கினால் உதவும் என்று போட்டிருந்தேன். பிரிண்டரை வேகப்படுத்துகிறேன் என்று ஒன்று. பழைய வைரஸ் காவல். அதை எடுக்காமலே அதன்மேல் காலையில் போட்ட புதுக் காவல். ஒவ்வொன்றும் சின்னதுதான். ஒவ்வொன்றும் மெஷின் எழுந்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அணைக்கும்வரை எழுந்திருக்காது.

"முருகேசன், நான் வந்து சேர்ந்ததிலிருந்து இந்த மெஷினுக்கு நானேதான் பாரம்" என்றேன்.

"அது தெரியுதுங்க" என்றார் அவர். "எங்க வண்டியிலயும் அதேதானுங்க. பின்னாடி டிரெய்லர் மாட்டிக் குடுத்தாலும் அத்தனை பேரும் முன்சீட்டுலயே ஏறுவாங்க. டிரெய்லர் காலியாப் போகும். சீக்கிரம் எறக்கி விடுங்க சார்."

இறக்கினேன். ஒவ்வொரு வரியாக எடுத்து, ஒவ்வொரு முறையும் மெஷினை அணைத்துப் போட்டு, அதே பழைய வேகத்தில் எண்கள் நாலாயிரம்வரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு. அந்த எண்களைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. மணியும் எலிவாலும் போயின, திறக்கவில்லை. பிரிண்டர் சமாசாரம் போயிற்று, திறக்கவில்லை. இரண்டு காவல்காரர்களும் போனதும் பதிவேடு திறந்தது. மணி இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம்.

யாரும் கைதட்டவில்லை. சிஸ்டர் சீட்டு அடிக்க உட்கார்ந்தார். அந்தக் காலத்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தமிழைப் படம் போல வரைந்து வரைந்து அச்சடிக்கும். ஒரு பேருக்கு நாலு தடவை தலை போய்த் திரும்பும். நானும் முருகேசனும் சீட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்க, உள்ளே பொட்டலம் கட்டினார்கள். ஜீப் கிளம்பும்போது மூன்றாகிவிட்டது.

ஜீப் போனபிறகு மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டாஸ் புத்தகத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். டாஸின் பெரும்பகுதியை மேலே இருக்கிற மெமரிக்கு நகர்த்த ஒரு வழி இருந்தது. புத்தகம் ஒரு வருஷமாக என் பையில் இருந்தது. இரண்டு வரி எழுதினேன். பதிவேட்டுக்கு இன்னும் நிறைய இடம் கிடைத்தது. நன்கொடை மெமரி அப்போதுதான் வேலைக்கு வந்தது.

இருட்டுக் கட்டுகிற நேரத்தில் முருகேசன் திரும்பி வந்தார். சீட்டுக் கட்டையும் ஒரு பொட்டலத்தையும் மேஜைமேல் வைத்தார்.

"எடை முடிஞ்சு ஆளுக கலைஞ்சுட்டாங்க சிஸ்டர். ஹாரன் அடிச்சுக் கூப்பிட்டேன். எல்லாரும் வந்தாங்க. வெள்ளையம்மா மட்டும் காத்திருந்து பாத்துட்டு ஊட்டுக்குப் போயிருச்சாம். அது ஊடு கீழ பள்ளத்துல, வண்டி எறங்காது."

எந்தப் பொட்டலம் திரும்பி வரவே கூடாதோ, அதுவே திரும்பி வந்திருந்தது.

சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டினேன். கோளாறு என்ற இடத்தில் 'மெமரி பற்றாக்குறை, சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருந்தேன். சிஸ்டர் படித்துப் பார்த்தார்.

"கையெழுத்து நாளைக்குப் போடறனுங்க சார். சீட்டுல இன்னும் ஒரு டிக்கு பாக்கி இருக்குது."

மறுநாள் காலை குப்பனூர் வழியாகச் சேலம் இறங்குகிற பஸ்ஸில் சிஸ்டரும் நானும் ஏறினோம். கொட்டச்சேட்டில் அவர் இறங்கினார். என் டிக்கெட் சேலத்துக்கு. நானும் இறங்கினேன்.

வெள்ளையம்மாள் செடிக்கு நடுவில் பழம் பறித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சாக்கைக் கட்டியிருந்தார். கையால்தான் பழத்தைத் தடவிப் பார்த்துப் பறித்தார், கண்ணால் இல்லை. சிஸ்டரின் குரல் கேட்டதும் திரும்பினார்.

"வா சாமி. நேத்து வண்டிக்கு நின்னு நின்னு பாத்தனுங்க. காணோம்."

"லேட்டாயிருச்சுங்க. பழைய பொட்டலத்தைத் திருப்பிக் குடுக்கறேன்னு சொன்னீங்களே, எங்கீங்க?"

வெள்ளையம்மாள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிஸ்டர் பிரித்து எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"ஒரு நாளுது கொறையுதே."

"வண்டி வரல. மருந்தை ஒரு நாளும் உடக்கூடாதுன்னு நீதானே சொன்னே சாமி? அதான் ராத்திரி அதுல ஒரு நாளுதைத் தின்னு போட்டேன்."

சிஸ்டர் நிறுத்தச் சொன்ன மாத்திரை இருந்த பழைய பொட்டலத்தைத் தன் பைக்குள் அடியில் வைத்தார். வெள்ளையம்மாளின் முகத்தைத் திருப்பி, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மூன்று என்றார் வெள்ளையம்மாள். சரியாகத்தான் சொன்னார். சிஸ்டர் விரலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். வெள்ளையம்மாள் இந்த முறை யோசித்தார்.

ஒரு வேளையில் ஒன்றும் ஆகிவிடாது என்று பின்னால் டாக்டர் சொன்னாராம். அங்கே நின்றபோது அது எனக்குத் தெரியாது.

புதுப் பொட்டலத்தைக் கொடுத்து, எதை எப்போது என்று இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, அதன்பிறகு சீட்டில் டிக் போட்டார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். பாதையோரக் கல்லில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினார். கோளாறு என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்திருந்தார். வாடிக்கையாளர் குறிப்பு என்ற இடத்தில் இருந்தது:

'இவர் போட்டதை இவரே எடுத்தார். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் தவறிவிட்டது.'

கீழே கையெழுத்து. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவர் தன் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து, நேற்றைய சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொரு பேராக எழுத ஆரம்பித்தார். நான் பேரையும் மாத்திரையையும் படித்துச் சொன்னேன்.